நாப்லாவின் விரல் பாட்டு

நாப்லா பிறந்தபோது பிரசவம் பார்த்தவள் குழந்தையைத் தூக்கி விளக்கில் பார்த்துவிட்டு, "முடி செவப்பு" என்றுதான் முதலில் சொன்னாளாம். பெண்ணா பையனா என்பதை அப்புறம்தான் சொன்னாளாம். இனிஷ்லார் தீவில் அப்படித்தான். கடலுக்குப் போகிறவன் வழியில் சிவப்பு முடிக்காரி எதிரே வந்தால் தோளில் இருக்கும் துடுப்பை இறக்கிவிட்டு வீடு திரும்ப வேண்டும். அன்றைக்குக் கானாங்கெளுத்தி தானாகத் துள்ளிப் படகில் விழுவதாக இருந்தாலும் போகக் கூடாது.

ஆகவே நாப்லாவுக்கு நடக்கத் தெரிந்த நாளிலிருந்து இரண்டு விஷயம் தெரியும். படகுகள் எல்லாம் போய்ச் சேரும் வரை வாசலைத் தாண்டக் கூடாது. தாண்டித்தான் ஆக வேண்டும் என்றால் ஒரு மயிர் வெளியே தெரியாமல் சால்வையை நெற்றிவரை இழுத்துவிட வேண்டும். அவள் அதைக் குறையாகவே நினைத்ததில்லை. மழைக்குக் குடை பிடிக்கிற மாதிரி ஒரு காரியம், அவ்வளவுதான். அவள் முகத்துக்கு நேரே யாரும் ஒரு சொல் சொன்னதும் இல்லை. அவள் நடந்துகொண்ட விதம் அப்படி.

காலையெல்லாம் வீட்டுக்குள்ளேயே கிடப்பவள் என்ன செய்வாள்? கடற்பாசி அள்ளப் போகிற பெண்கள் கைக்குழந்தைகளைக் கொண்டுவந்து அவளிடம் விட்டுவிட்டுப் போனார்கள். அழுகிற பிள்ளைக்கு ஒரு பாட்டு, விக்கல் எடுக்கிற பிள்ளைக்கு ஒரு பாட்டு, முழங்காலில் உட்காரவைத்துக் குதிரை ஓட்ட ஒரு பாட்டு என்று அவள் வாயில் தானாக வந்துகொண்டே இருந்தது. பழசு பாதி, அவளாகக் கட்டியது பாதி. தீவில் பத்து வயசுக்குக் கீழே இருந்த அத்தனை பேரும் அவள் முழங்காலில் குதிரை ஓட்டியவர்கள். தாய் தகப்பன் இல்லாத அவளை வளர்த்தவன் அண்ணன் பெடர். இருக்கிற ஒரே கம்பளிக் கோட்டையும் குளிருக்கு அவள் மேல் போட்டுவிட்டுத் தான் சாக்கைப் போர்த்திக்கொண்டு படுத்தவன். தங்கைக்குக் கல்யாணம் ஆகட்டும் என்று காத்திருந்து காத்திருந்து, அவள் ஃபெஸ்டியைக் கட்டியபோது அவனுக்குத் தலை நரைத்துவிட்டது. "இனிமே எந்தக் கெழவி எனக்கு?" என்று சிரித்துக்கொண்டு தனியாகவே இருந்துவிட்டான்.

இன்னும் இரண்டு சட்டம் உண்டு அந்தத் தீவில். ஒன்று, கடலுக்குப் போகிற ஆளையும் படகையும் எண்ணக் கூடாது. எண்ணினால் கடலுக்குக் காது கேட்கும், அதில் தன் பங்கைக் கேட்கும். "எத்தனை பேர் போயிருக்காங்க?" என்று வெளியூர்க்காரன் கேட்டால் "போக வேண்டியவங்க போயிருக்காங்க" என்பார்கள். இரண்டாவது, கடல் கேட்டதைக் கொடுத்துவிட வேண்டும். தண்ணீரில் விழுந்தவனைப் பிடித்து இழுத்தால், இழுத்தவனை அது பின்னால் வந்து வாங்கிக்கொள்ளும். அதனால்தான் அங்கே ஒரு ஆண்பிள்ளைக்கும் நீச்சல் தெரியாது. தெரிந்தால் சாவு நீளும் என்பார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு முதல் வரிசையில் உட்காருகிறவனும் இதைத்தான் சொல்வான்.

நாடு விடுதலையாகிப் புதுக் கொடி ஏறி நாலைந்து வருஷம் ஆகியிருக்கும். ஒரு மழைநாள் மத்தியானம். நாப்லாவின் மகள் டெலியாவுக்குப் பல் முளைக்கிற நேரம், வீல் வீல் என்று கத்தல். குழந்தையின் கையைப் பிடித்துச் சுண்டு விரலிலிருந்து ஒவ்வொன்றாக மடக்கி நாப்லா பாட்டுக் கட்டினாள். அப்போது ஃபெஸ்டியோடு சேர்ந்து ஐந்து ஆள் ஒரு பெரிய வலைப்படகில் போய்க்கொண்டிருந்தார்கள். அந்த ஐந்து பெயரும் ஐந்து விரலுக்கு அளவெடுத்த மாதிரி வந்து உட்கார்ந்தன.

சுண்டுவிரல் கோய்லின் சிப்பி பொறுக்கப் போனான்,
பொங்கி வந்த அலையோட போயே போனான்.
மோதிரவிரல் மார்ட்டின் மோதிரம் வாங்கப் போனான்,
கடல் தாண்டிப் போனவன் அங்கயே ஆனான்.
நடுவிரல் பெடரு, நெட்டநெடு பெடரு,
எட்டி எட்டிப் பாத்து விழுந்தான் தொபுக்கடீரு.
ஆள்காட்டி ரேமன் அலறி அலறிச் சொன்னான்,
அலை கேட்டாக் குடுத்துடணும், விடு விடுன்னான்.
கட்டைவிரல் ஃபெஸ்டி கரைவந்து சேந்தான்,
கெழங்கு அவிச்சுத் தின்னுட்டுக் கொர்ரு கொர்ருன்னான்.

'போயே போனான்' என்கிறபோது உள்ளங்கையில் ஒரு கிச்சுக்கிச்சு. 'கொர்ரு' என்கிறபோது குறட்டை. குழந்தை அழுகையை மறந்து கெக்கெக்கே என்று சிரித்தது. ஃபெஸ்டி வந்ததும் கட்டை விரலுக்கு அவனையே குறட்டை விடச் சொன்னாள். அது அந்த வீட்டு வழக்கமாயிற்று. அவிந்த கிழங்கைக் குழந்தை அப்பன் வாயில் திணிக்கும். அவன் தின்றுவிட்டுக் கண்ணை மூடிக் குறட்டை விடுவான்.

பாட்டில் இருந்தவர்களே சிரித்தார்கள். பத்தொன்பது வயசுக் கோய்லின் தன் விரலை நீட்டி, "இன்னொரு தரம், நாப்லாக்கா" என்று கேட்டு வாங்கினான்.

பெடர் வாசலில் குனிந்து நுழைந்துகொண்டே, "ஏ புள்ள, கூடப்பொறந்தவனைத் தொபுக்கடீர்னு தள்ளிட்டியாமே?" என்றான்.

"வாசல் இடிக்கற அளவுக்கு உன்னை யாரு வளரச் சொன்னா? நடுவிரல் தானே நீளம்!"

"உம் புருஷன் மட்டும் பத்திரமா வீடு வந்துட்டான்" என்ற பெடர் ஃபெஸ்டியின் பக்கம் திரும்பினான். "பாத்தியா மாப்ள, உனக்கு யோகம்தான்."

கோய்லினின் தாய் ஷிபேல் மட்டும் சிரிக்கவில்லை. தேநீர்க் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்.

"ஆளை எண்ணற மாதிரி இருக்குடி."

"எண்ணு எங்கக்கா இருக்கு அதுல? ஒண்ணு ரெண்டுன்னு சொன்னேனா? வெரலுதானே மடக்கறேன்."

நுணலும் தன் வாயால் கெடும் என்பது நாப்லாவுக்கா தெரியாது? வாய் துறுதுறுப்பு இருக்கிறவர்களுக்கு அந்த நேரத்தில் எதுவும் நினைவு வராது.

பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பாட்டைப் பிடித்துக்கொண்டார்கள். ஓடிப்பிடிக்கிற ஆட்டத்தில் யார் பிடிக்கிறவன் என்று முடிவு செய்ய வட்டமாக நின்று ஒவ்வொருத்தர் நெஞ்சிலும் தட்டி இதைத்தான் பாடினார்கள். மதில் தாண்டித் தீவு முழுக்கக் கேட்டது.

மூன்று மாதம் கழித்துத் தூண்டிலுக்கு இரை வேண்டுமென்று கோய்லின் பாறையில் சிப்பி பெயர்க்கப் போனான். கடல் அமைதியாக இருந்தது. எங்கிருந்தோ ஒரே ஒரு அலை எழுந்து பாறையைக் கழுவிவிட்டுப் போனது. அப்புறம் பாறையில் அவன் கூடை மட்டும் இருந்தது.

உடல் கிடைக்காத சாவுக்கும் ஊர் கூடி இரவு உட்கார வேண்டுமே, உட்கார்ந்தார்கள். ஜெபமாலை நடுவில் மூச்சு விட நிறுத்தியபோது, மூலையில் இருந்த நாலு வயசுப் பெண் தன் சுண்டு விரலை மடக்கிவிட்டு மெல்லப் பாடியது: "போயே போனான்." அதன் தாய் வாயைப் பொத்தினாள். ஒருவரும் நாப்லாவைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

அடுத்த வசந்தத்தில் மார்ட்டினுக்கு அமெரிக்காவிலிருந்து மாமன் கப்பல் சீட்டு அனுப்பினான். அதில் அதிசயம் ஒன்றுமில்லை, வருஷத்துக்கு நாலு பேர் போகிற ஊர்தான். துறையில் நின்று எல்லாரையும் கட்டிப்பிடித்துவிட்டு அவன் சிரிப்பு மூட்டுவதாக நினைத்து, "போய் மோதிரம் வாங்கிட்டு வரேன்" என்றான். சிரிக்க ஆளில்லை. அவன் தாய் மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். போய்ச் சேர்ந்ததாக ஒரு கடிதம் வந்தது. பிறகு கடிதம் இல்லை.

வெறும் வாயை மென்றுகொண்டிருந்த ஊருக்கு அவல் கிடைத்தது. நாப்லா கடைக்குள் நுழைந்தால் பேச்சு நின்றது. குழந்தைகளை விட்டுப் போக ஒருத்தியும் வரவில்லை. வந்தவள் ஷிபேல் ஒருத்திதான். மகன் போன நாளிலிருந்து கறுப்பை மாற்றாதவள். உள்ளே வராமல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"உன்னை வைய வரலடி நான். ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அடுத்தது யாரு?"

"அக்கா, சத்தியமா அது வெறும் பாட்டுக்கா."

"நடுவிரல்தானே? உன் கூடப்பொறந்தவன். எம் பையன் பேரைக் கடல் வாயில போட்டப்ப உனக்கு உறைக்கல. இப்ப உறைக்குதா?"

"அக்கா, உள்ள வந்து உக்காருங்க."

"உம் புருஷனைக் கரையில வச்சுட்டு எங்க புள்ளைங்களைத் தண்ணியில வச்சியே, அந்தப் புத்தி எங்கேர்ந்துடி வந்துச்சு?"

நாப்லாவுக்குப் பதில் தெரியும். கட்டை விரல் கடைசியில் வருகிறது, கடைசியில் குழந்தையைச் சிரிக்கவைக்க வேண்டும், அதனால் புருஷன் பெயரைப் போட்டாள். அவ்வளவுதான். அதைச் சொன்னால் யார் நம்புவார்கள்? அவளே அன்றைக்கு நம்பவில்லை.

அதற்கப்புறம் அவள் பட்ட பாட்டைப் பார்த்தால் பாவமாக இருக்கும். தும்பை விட்டு வாலைப் பிடித்த கதை. பள்ளி வாசலில் நின்று, அந்தப் பாட்டைப் பாடாதவர்களுக்குச் சர்க்கரை தூவிய ரொட்டி என்றாள். ரொட்டி வாங்குவதற்காகவே பிள்ளைகள் அவள் காதில் விழும்படி பாடிவிட்டு நிறுத்தினார்கள். ஆட்டைப் பற்றிப் புதுப்பாட்டு ஒன்று கட்டிக் கொடுத்தாள். இரண்டையும் கற்றுக்கொண்டார்கள். ஃபெஸ்டியிடம் அழுதாள். "பைத்தியமா உனக்கு? காத்தடிச்சா கடல் பொங்குது, இதுல பாட்டு என்ன பண்ணும்?" என்றான் அவன். ஆனால் டெலியாவுக்குக் குறட்டை விடும்போது அவன் குரல் முன்னைப் போல இல்லை.

ஐந்து பேர் மூன்றானபின் பெரிய படகுக்கு ஆள் போதவில்லை. துணியில் தார் பூசிய கரக் படகில் மூவரும் போக ஆரம்பித்தார்கள். முன்னால் ரேமன், நடுவில் பெடர், பின்னால் ஃபெஸ்டி. ரேமன் பேச்சுக்காரன், நாள் முழுக்கக் கேலி பேசியே துடுப்புப் போடுகிறவன். அவன் இப்போது பெடரிடம் பேசுவதை நிறுத்தியிருந்தான். பெடர் நீட்டிய புகையிலையை வாங்கவில்லை. பெடரின் துடுப்பைத் தொடவில்லை. ஒரு நாள் துறையில் வலை காயவைக்கும்போது நாப்லா அதைக் கண்ணால் பார்த்தாள். செத்தவன் வீட்டுச் சாமானைப் பார்ப்பதுபோல ரேமன் அவள் அண்ணனைப் பார்த்துக்கொண்டிருந்தான். கடல் இன்னும் கேட்கவே இல்லை, இவர்கள் அதற்குள் கொடுத்துவிட்டார்கள் என்று அவளுக்குத் தோன்றியது.

அன்று சாயங்காலம் அண்ணன் வீட்டுக்குப் போனாள்.

"அண்ணே, இந்தப் பருவம் மட்டும் போகாத. உன் கால்ல வேணா விழறேன்."

"மீன் புடிக்காம கல்லையா அவிச்சுத் திம்பேன்? போ புள்ள. நீ பொடிசா இருக்கறப்ப எட்டு வருஷம் உன்னைத் தோள்ல வச்சுத் தூக்கினவன் நான். உன் பாட்டா என்னைத் தள்ளிடும்?"

"ரேமன் உன்கூடப் பேசறதில்ல."

பெடர் கொஞ்ச நேரம் நெருப்பைக் கிளறினான். "ஆமா," என்றான். "அதான் கொஞ்சம் ஒரு மாதிரியா இருக்கு."

மறுநாள் விடிந்ததும் நாப்லா உருளைக்கிழங்கை அடுப்பில் வைத்துவிட்டு, சால்வையை ஆணியில் மாட்டிவிட்டு, பின்னலை அவிழ்த்தாள். முப்பத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக முடியை விரித்துப் போட்டுக்கொண்டு துறைக்குப் போகும் பாதையில் நடுவில் போய் நின்றாள். கரக் படகைத் தலைக்கு மேல் கவிழ்த்துத் தூக்கிக்கொண்டு மூன்று பேரும் வந்தார்கள். படகுக்கு அடியில் ஆறு கால்கள்தான் தெரிந்தன. முதல் இரண்டு கால்கள் நின்றன.

ரேமன் படகை இறக்கிவிட்டு அவள் காலடியில் துப்பினான். ஃபெஸ்டியின் முகம் வெட்கத்தில் கறுத்துவிட்டது. பெடர்தான் வாய்விட்டுச் சிரித்தான். "தங்கச்சி லீவு குடுத்துட்டாடா. வாங்க, வீட்டுக்குப் போவோம்."

அன்றைக்குக் கடல் பால்கிண்ணம்போல இருந்தது. முன்னாலேயே போயிருந்த மற்றப் படகுகள் விளிம்புவரை மீனோடு வந்தன. இரண்டாம் நாளும் அவள் நின்றாள். பின்னால் வந்த இன்னும் நாலு படகுக்காரர்களும் திரும்ப வேண்டியதாயிற்று. அன்று ஊரே அவள் வாசலுக்கு வந்து கத்திவிட்டுப் போனது. ஒருவன் ஜன்னலில் கல்லெறிந்தான். "என்ன வேணா சொல்லுங்க, எங்கண்ணன் உசுரோட இருக்கான்" என்று அவள் உள்ளிருந்தே கத்தினாள். அந்த இரண்டு நாளும் அவளுக்குப் பயமே இல்லை என்பதைச் சொல்ல வேண்டும். ஏதோ ஒரு வழி கிடைத்துவிட்ட தெம்பு. பருவம் முடிய ஆறு வாரம். ஆறு வாரமும் நிற்பாள்.

மூன்றாம் நாள் காலையில் ஃபெஸ்டி, "இன்னிக்குக் கடல் இல்ல, சதுப்புல அடுப்பெரிக்க மண்கட்டி வெட்டப் போறோம்" என்று மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மேற்கே போனான். அப்படியும் நாப்லா கிழங்கை அடுப்பில் வைத்துவிட்டுப் போய்ப் பாதையில் நின்றாள். அவளைக் கண்டதும் மற்றப் படகுக்காரர்கள் தூரத்திலேயே திரும்பினார்கள். தன் ஆட்கள் வரவில்லை. வெயில் ஏறிற்று. பள்ளிக்கூடத்தில் மணி அடித்து, பிள்ளைகள் வெளியே வந்து, வட்டமாக நின்று பாடுவது கேட்டது. காதைப் பொத்திக்கொண்டாள். அப்போதுதான் அவளுக்கு மேற்குப் பக்கம் நினைவு வந்தது.

தீவின் மேற்கே ஒரு பழைய இறங்குமிடம் உண்டு. வாயிலேயே நீருக்கு அடியில் பாறை. அலை எப்போது அதில் உடையும் என்று சொல்ல முடியாது. அவள் பிறப்பதற்கு முன்பே அங்கிருந்து போவதை விட்டுவிட்டார்கள். அங்கே போகிற பாதையில் சிவப்பு முடிக்காரி யாரும் நிற்கமாட்டாள்.

ஓடினாள். பாதி வழியில் மேட்டில் ஏறி நின்றபோது எதிரே ஆட்கள் வருவது தெரிந்தது. படகு இல்லை. மண்வெட்டி இல்லை. ஆயுளில் முதல் தடவையாக நாப்லா கடலிலிருந்து வருகிற ஆட்களை எண்ணினாள். வாய்விட்டே எண்ணினாள்.

"ஒண்ணு. ரெண்டு."

திரும்பவும் முதலிலிருந்து எண்ணினாள். இரண்டுதான்.

ரேமன் அவளைத் தாண்டிப் போகும்போது நிமிர்ந்து பார்க்கவில்லை. ஃபெஸ்டி நின்று அவளோடு நடந்தான். வீட்டுக்கு வந்து அடுப்பருகே உட்கார்ந்து, கால்சட்டையிலிருந்து தண்ணீர் சொட்டித் தரையில் தேங்கிய பிறகுதான் பேசினான்.

"பாறை எங்க இருக்குன்னு மச்சான் எட்டிப் பாத்தான். அப்ப ஒரு அலை தூக்கிச்சு. விழுந்துட்டான்."

நாப்லா அசையாமல் நின்றாள்.

"நான் புடிச்சுட்டேன் நாப்லா. மணிக்கட்டு என் கையில இருந்துச்சு. நல்லாப் புடிச்சிருந்தேன். அவனும் என்னைப் புடிச்சிருந்தான். ஒரு இழுப்பு இழுத்தா உள்ள வந்திருப்பான்."

"அப்புறம்?"

"ரேமன் கத்தினான்."

"என்னன்னு?"

ஃபெஸ்டி தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் கேட்டிருக்க வேண்டியதில்லை. என்ன கத்தினான் என்று அவளுக்குத் தெரியும். தீவில் மூன்று வயசுப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

"'விடு விடு'ன்னு கத்தினான். 'அலை கேட்டாக் குடுத்துடணும்'னு கத்தினான். எனக்கு உன் குரல்லதான் கேட்டுச்சு. நம்ம வீட்ல, டெலியா கையப் புடிச்சுக்கிட்டு நீ சொல்றது மாதிரியே கேட்டுச்சு." அவன் அந்தக் கையை மடக்கிக்கொண்டான். "விட்டுட்டேன்."

"அண்ணன் ஏதாவது சொன்னானா?"

"ஒண்ணும் சொல்லல. நான் விடப்போறேன்னு அவனுக்கு முன்னாடியே தெரிஞ்ச மாதிரி பாத்தான்."

காலையில் வைத்த கிழங்கு வெந்து தோல் வெடித்து, அணைந்துபோன அடுப்பில் ஆறிக்கொண்டிருந்தது. கட்டிலிலிருந்து இறங்கி வந்த டெலியா அப்பனைக் கண்டதும் ஓடிவந்து அவன் ஈர மடியில் ஏறினாள். மடங்கியிருந்த அவன் கையை எடுத்துக் கட்டை விரலை நிமிர்த்தினாள். தாய் பாடுவாள் என்று திரும்பிப் பார்த்தாள். தாய் பாடவில்லை. பரவாயில்லை, அவளுக்கு முடிவு தெரியும். எட்டிச் சட்டியிலிருந்து ஆறிய ஒரு துண்டுக் கிழங்கை எடுத்து அப்பன் வாயில் வைத்து அழுத்தினாள்.

ஃபெஸ்டி மனைவியைப் பார்த்தான். நாப்லாவால் வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை, கண்ணை எடுக்கவும் முடியவில்லை. குழந்தை விடவில்லை, இன்னும் அழுத்தியது. அவன் வாயைத் திறந்து அதை வாங்கி மென்று விழுங்கினான்.

"கொர்ரு," என்று குழந்தை நினைவுபடுத்தியது.

அவன் கண்ணை மூடிக்கொண்டு குறட்டை விட்டான். டெலியா கைகொட்டிச் சிரித்தாள்.